சகலையின் பீரங்கி வண்டி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் பர்மாச் சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பி வந்ததில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் வந்த நாளிலிருந்து மாமனார் வீட்டில் எனக்குச் சோறு முன்போல் இறங்கவில்லை.

அதற்கு முன் அந்த வீட்டில் லாரி என்றால் நான்தான். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது லாரியின் பக்கவாட்டில் பெரிய தகர உருளையைக் கட்டி, அதில் கரியை மூட்டி, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினேன். மேடு வந்தால் வண்டி முக்கும். இறங்கிக் கரியைக் கிளறிவிட வேண்டும். முகமெல்லாம் கரியோடு போய் நின்றாலும் மாமனார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்தவர்களிடம் "எங்க பெரிய மாப்பள சொந்த லாரி ஓட்டறாரு" என்பார். அவருக்குப் பையன்கள் இல்லை, இரண்டும் பெண்கள். இரண்டாவது மாப்பிள்ளை எங்கோ அஸ்ஸாம் காட்டில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகவே அந்த வீட்டில் பெரிய மாப்பிள்ளையும் சின்ன மாப்பிள்ளையும் நான் ஒருவனே.

சகலை திரும்பி வந்தபோது உயரமாக, ஒட்டிய வயிறோடு, வெட்டிவிட்ட மீசையோடு இருந்தார். அதிகம் பேசமாட்டார். போட்டதைச் சாப்பிடுவார். மாமியார் நெல் மூட்டையை நகர்த்தச் சிரமப்பட்டால் கேட்காமலே எழுந்து போய் நகர்த்துவார். என்னை வாய் நிறைய 'அண்ணா' என்று கூப்பிடுவார். குறை சொல்ல இடமில்லாத ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவதைப் போலக் கஷ்டம் வேறு கிடையாது. ஒரு குறை இருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்போது சேலத்தில் ஆத்தூர் ரோட்டோரம் அயோத்தியாப்பட்டணம் பக்கமெல்லாம் ஜவ்வரிசி ஆலைகள் வந்துகொண்டிருந்தன. யுத்தத்தில் மலேயாச் சரக்கு நின்றுபோனதால் இங்கேயே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். மாமனாருக்குக் கொல்லிமலை அடிவாரத்தில் நிலம். எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் காடு என்போம். அவருடைய பள்ளக்காடு முழுவதும் குச்சிக்கிழங்கு போட்டிருந்தார். அந்தக் கிழங்கில் ஒரு சங்கடம் உண்டு. தோண்டிவிட்டால் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு நாள் கிடந்தால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும், ஆலைக்காரன் ஒதுக்கிவிடுவான். தோண்டுகிற காலமோ ஐப்பசி, கார்த்திகை மழை. மாட்டு வண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரிக்கு மாற்றி, ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கெட்டுவிடும்.

சண்டை முடிந்து பட்டாளத்துக்கு வேண்டாத வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற லாரிகள் வருகின்றனவாம், ஆளுக்கு ஒன்று எடுங்கள் என்றார். எந்த வண்டி காட்டுக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறதோ அந்த வண்டிக்குத்தான் கிழங்கு என்றும் சொன்னார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் வண்டிகள் வரிசை வரிசையாக வெயிலில் நின்றன. நான் என்ஜினைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், தொட்டிப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். நீண்ட மூக்கோடு ஒரு பச்சை லாரி, நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அது என் வண்டி என்று முடிவு செய்துவிட்டேன்.

சகலை வண்டிகளின் முகத்தையே பார்க்கவில்லை. ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கி, வண்டியின் பின் அச்சைத் தூக்கி, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் நிற்கவைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். எதிர்ப்பக்கத்துச் சக்கரம் தலைகீழாகச் சுற்றினால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். கடைசியில் ஒரு வண்டியில், இந்தப் பக்கம் சுற்றியபோது அந்தப் பக்கத்துச் சக்கரமும் முனகிக்கொண்டு அதே திசையில் சுற்றியது. அது பீரங்கி இழுத்த வண்டி. சப்பை மூக்கு, துருப்பிடித்த கதவு, வண்டு போல் குனிந்த முதுகு. சகலை சட்டையில் மண்ணோடு எழுந்து நின்று, இது போதும் என்றார். எனக்கு அன்று முழுவதும் சிரிப்பு. ஊருக்கு வரும்போது என் வண்டி முன்னால், அவர் வண்டி பின்னால். ராசிபுரம் கடைவீதியில் எல்லோரும் என் வண்டியைத்தான் பார்த்தார்கள்.

அந்த அழகு ஐப்பசி வரையில்தான் நின்றது.

முதல் மழையில் பள்ளக்காட்டுக்குள் இரண்டு வண்டிகளும் இறங்கின. மூட்டை ஏற்றிக்கொண்டு நான் கிளம்பினேன். பாதி வழியில் முன் சக்கரம் ஒன்றும் பின் சக்கரம் ஒன்றும் சேற்றில் சர்ரென்று சுற்ற ஆரம்பித்தன. எதிர்ப்பக்கத்துச் சக்கரங்கள் நல்ல மண்ணில் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தன. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பெயர். இழுக்க வேண்டிய இரண்டு சும்மா இருந்தன.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் அச்சின் நடுவில் டிப்ரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி வேகத்தில் ஓடவிடும். ரோட்டில் அது இல்லாமல் முடியாது. சேற்றிலோ அதுவே சத்துரு. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்களே, அந்தக் கதை. வழுக்கி அலறுகிற சக்கரத்துக்கே ஓட்டம் முழுவதையும் ஊட்டிவிடும், காலூன்றி நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

சகலையின் பீரங்கி வண்டியில் அந்தப் பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில் தட்டுகளை வைத்து இறுக்கியிருந்தார்கள். ஒரு சக்கரம் வழுக்கினால் தட்டுகள் உரசிப் பிடித்து, கொஞ்சம் பலத்தை அடுத்த சக்கரத்துக்குத் தள்ளிவிடும். அந்த வண்டி எருமை குட்டையிலிருந்து ஏறுவதுபோல் அவசரமில்லாமல் என்னைக் கடந்து ஏறிப் போனது. மாமனார் குடைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வண்டியிலிருந்த மூட்டைகளை அதில் மாற்றச் சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டில் முதலில் யாருக்குப் பரிமாறப்பட்டது என்பதை நான் கவனித்தேன். என் மனைவியும் கவனித்தாள்.

"தங்கச்சி ஊட்டுக்காரரு முன்னாடியே சக்கரத்தச் சுத்திப் பாத்து வாங்குனாராமா?" என்று அவள் கேட்டாள். வெறும் கேள்விதான். அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். விரலில் கல் மோதிரம், வாயில் எப்போதும் வெற்றிலை, எந்த வேலையைச் சொன்னாலும் முடியும் என்பார். மூன்று வழி இருக்கிறது என்றார். டிப்ரன்ஷியல் பற்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்துவிடலாம். கல் குவாரி வண்டி ஒன்றுக்கு அப்படிச் செய்திருந்தார், ஒரே வருஷத்தில் அது டயரையெல்லாம் தின்றுவிட்டதாம். இரண்டாவது, சகலை வண்டியில் இருப்பது போன்ற தட்டு வைத்த கூடு. மூன்றாவது, லீவர் வைத்த லாக். வேண்டும்போது லீவரை இழுத்தால் இரண்டு சக்கரமும் ஒரே கட்டையாகிவிடும், வேண்டாதபோது தள்ளிவிட்டால் தனித்தனி. உடைத்த பட்டாள வண்டிகளிலிருந்து எடுத்த உருப்படிகள் அவரிடமே இருந்தன. எது நல்லது என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, உங்கள் சகலையைக் கேளுங்கள், அவர் இதிலேயே நாலு வருஷம் புரண்டவர் என்றார்.

சேலத்திலும் சகலை புகழ்தான். கேட்காமல் போய்விடலாம் என்று இரண்டு வாரம் இருந்தேன். மழை விடவில்லை. என் வண்டி ரோட்டோரம் நின்று, மாட்டு வண்டியில் வருகிற மிச்சம் மீதியை ஏற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் போனேன்.

அவர் வீட்டில் என்னைப் பாயில் உட்காரவைத்து, மனைவியை மோர் கொண்டுவரச் சொன்னார். நான் ஏதோ ஊர் விஷயம் பேசுவதுபோல் ஆரம்பித்து இதற்கு வந்தேன். அவர் உடனே மோரில் விரலைத் தொட்டுத் தரையில் அச்சை வரைய ஆரம்பித்துவிட்டார்.

"உங்க வண்டி பாதி நாள் கப்பி ரோட்டுல ஓடுதுங்ணா. பின்னாடி அச்சுக்குத் தட்டு வச்சதப் போடுங்க. தானாப் பிடிக்கும், தானா விட்ரும். முன்னாடி அச்ச அப்பிடியே உட்ருங்க."

"லீவர் லாக்கு எப்பிடி?"

"அது முழுசாப் பிடிக்குங்க. சேத்துல அதுக்கு நெகரில்ல. ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னாக்கூட இன்னொண்ணு இழுக்கும். ஆனாப் போடறதும் எடுக்கறதும் நம்ம கையில. அதும் முன் அச்சுக்குப் போட்டா ஸ்டியரிங் பேச்சுக் கேக்காது. எடுக்கறப்பவும் ஒண்ணு பாக்கோணும்..."

சேற்றில் அதற்கு நிகரில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் தட்டு? தன் வண்டிக்கு மேல் என் வண்டி போய்விடக் கூடாது. போனால் சமமாகத்தான் வர வேண்டும், ஒரு முழம் பின்னால் வந்தால் இன்னும் நல்லது. இதுதான் எனக்குத் தோன்றியது. மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "செரி, வாரேன் தம்பி" என்று எழுந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் லீவர் லாக் போடச் சொன்னேன். மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். முடியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லாததால் போட்டுக்கொடுத்துவிட்டார். என் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு இரும்பு லீவர்கள் முளைத்தன. சும்மா நிற்கும்போதும் அவற்றைத் தடவிப் பார்ப்பேன்.

அடுத்த வாரமே என் நாள் வந்தது. கொல்லிமலையில் இரவெல்லாம் பெய்து, பள்ளக்காட்டின் கீழ்க்கோடியில் ஓடைத் தண்ணீர் புகுந்துவிட்டது. தோண்டிய கிழங்கு குவியலாகக் கிடந்தது. சகலையின் வண்டி முதலில் இறங்கியது. ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அதன் பின் சக்கரம் ஒன்று பழைய ஓடைக்குழியில் இறங்கி, வெறும் கூழில் தொங்கியது. தட்டுகள் பிடிப்பதற்கும் வழுக்குகிற சக்கரத்துக்கடியில் கொஞ்சம் தடுப்பு வேண்டும். அங்கே அது இல்லை. தட்டு உரசிய வாடை வந்ததே தவிர வண்டி நகரவில்லை.

நான் என் வண்டியைக் காட்டுக்குள் இறக்கினேன். லீவர் இரண்டையும் இழுத்தேன். கீழே கடக் கடக்கென்று பற்கள் விழுந்து பொருந்துகிற சத்தம் இருக்கையில் அதிர்ந்தது. அதைப் போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாகக் கடித்துக்கொண்டு போயின. சகலையின் வண்டியில் சங்கிலியைக் கட்டி, மூட்டையோடு அதைக் குழியிலிருந்து இழுத்து வெளியே போட்டேன். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள்.

"பெரிய மாப்பள வண்டி வண்டிதானுங்க" என்றார் மாமனார்.

நான் சகலையின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏதாவது சுருக்கம் தெரியும் என்று ஆசையோடு பார்த்தேன். அவர் சேற்றில் குனிந்து என் முன் அச்சைப் பார்த்துவிட்டு, "அருமையா இழுக்குதுங்ணா" என்று மனசாரச் சொன்னார். என் வெற்றியில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதி அன்று மாலையே போயிற்று. கிழங்கை ஏற்றிக்கொண்டு, நான் முன்னால், சகலை பின்னால் கிளம்பினோம். அதுவரை சகலை வண்டியில் உட்கார்ந்து வந்த மாமனார் அன்று என் வண்டியில் ஏறிக்கொண்டார். ரோடு ஏறியதும் லீவர் இரண்டையும் முன்னுக்குத் தள்ளினேன். அவை லேசாகப் போயின. லாக் விட்டுவிட்டது என்றே எண்ணினேன். ஸ்டியரிங் கனமாக இருந்தது. பாரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நிலத்தைக் கிழங்குக்கு விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் யோசனை கேட்டார் என்பதையே நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மல்லூருக்கு முன்னால் ரோடு இடது பக்கம் வளைகிற இடத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு இருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் வீடு அளவு அகலம்; கைப்பிடிச் சுவர் கிடையாது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி திரும்பவில்லை. முன் சக்கரங்கள் திரும்பிக்கொண்டே நேராகச் சறுக்கின. பிரேக்கை மிதித்துக்கொண்டு முழுப் பலத்தையும் கொடுத்து ஒடித்தேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, கிணற்றின் விளிம்புக்குப் போய் நின்றது. வலது முன் சக்கரத்தின் பாதி கிணற்றுக்கு மேல் இருந்தது. விளிம்பு மண் உதிர்ந்து, கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

மாமனார் இடது கதவைத் திறந்து இறங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். நான் காலை பிரேக்கிலிருந்து எடுக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சகலை ஓடிவந்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். பிறகு என் கதவருகே வந்து, மாமனாருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"ரெண்டு லாக்கும் விடலைங்ணா. லீவர்தான் நகந்திருக்குது, உள்ளுக்குள்ள பல்லு இறுகி நிக்குது. இப்ப அத எடுக்க வேண்டாம். அதேதான் உங்களக் காப்பாத்தும். நான் பின்னாடி சங்கிலி கட்டிப் பிடிச்சுக்கறேன், நீங்க மெதுவாப் பின்னாடி எடுங்க."

அவர் வண்டியை ரோட்டில் நிறுத்திச் சங்கிலியை இறுக்கினார். நான் ரிவர்ஸ் போட்டேன். தொங்கிய சக்கரம் போக மற்ற மூன்றும் ஒன்றாகக் கடித்துக்கொண்டு, என்னையும் கிழங்கையும் அங்குலம் அங்குலமாகப் பின்னால் கொண்டுவந்தன. ரோட்டுக்கு வந்த பிறகு என் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கொஞ்சம் முன்னால் விடச் சொன்னார். மூன்றாம் தடவையில் அடியில் டக்கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் வெண்ணெய் போல் ஆகிவிட்டது.

"இத முன்னாடியே சொல்லிருக்கலாமே தம்பி" என்றேன்.

"அன்னிக்குச் சொல்ல வந்தேனுங்க. நீங்க எந்திருச்சுட்டீங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. மாமனாரிடமும் அவர் போய், அண்ணன் லாக் போட்டிருந்ததால்தான் வண்டி கிணற்றிலிருந்து தப்பியது, தன் வண்டியாக இருந்தால் உள்ளே போயிருக்கும் என்று சொன்னார். பாதி நிஜம், பாதி எனக்காகச் சொன்னது. அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்த ராத்திரி நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். மாமனார் போய்ப் பீரங்கி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் என் வண்டியில் ஏறவே இல்லை.

முன் அச்சின் லாக்கைக் கழற்றி மெக்கானிக்கிடமே போட்டுவிட்டேன். பின் அச்சில் மட்டும் லீவர் லாக்கை வைத்துக்கொண்டேன். சேற்றில் பின் லாக் ஒன்றே ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தது. பள்ளக்காட்டின் கீழ்க்கோடிக்கு என் வண்டி, மேல்காட்டுக்கும் தூர ஓட்டத்துக்கும் சகலை வண்டி என்று தானாகவே ஒரு ஏற்பாடு அமைந்தது. தொழில் இருவருக்கும் குறைவில்லாமல் நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். நான் மட்டும் ஒவ்வொரு மழையிலும் அவர் வண்டி எங்காவது மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் குழியைத் தெரிந்துகொண்டுவிட்டார். பிறகு ஒருமுறைகூட மாட்டவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். போகும்போது பீரங்கி வண்டியை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அந்தத் தட்டு வைத்த அச்சின் மேல் அத்தனை நாளும் கண் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை ஓமலூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அந்த வண்டி எங்கள் தெருவை விட்டுப் போவதை முனை திரும்பும் வரை நின்று பார்த்தேன்.

பள்ளக்காட்டுக்கு இனி என் வண்டி மட்டும்தான். கிழங்கு முழுவதும் எனக்கே வந்தது. எதற்கு ஆசைப்பட்டேனோ அது கையில் இருந்தது. லீவரை இழுத்தால் பல் பொருந்துகிற சத்தம் அப்படியே கேட்டது. யாரைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவது என்றுதான் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து என் மனைவி தங்கையைப் பார்க்க மேட்டூருக்குப் போய்வந்தாள். வந்த அன்று சாயங்காலம், குவார்ட்டர்ஸில் ஒவ்வோர் அறையிலும் கரண்டு விளக்காம், குழாயைத் திருகினால் காவிரித் தண்ணீராம், கூடத்தில் தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறதாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வண்டிக்கு எண்ணெய் பார்க்க வேண்டும் என்று எழுந்து வெளியே போனேன். எண்ணெய் சரியாகத்தான் இருந்தது.